யவனர் கப்பல் வந்த துறைக்கு ஒரு ஞாயிறு

கல்பாத்தி வீடுகளின் ரசத்தில் மிதக்கும் மிளகுக்கு நெடிய சரித்திரம் உண்டு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் அதைத் தேடி எகிப்திலிருந்து கிரேக்க மாலுமிகள் கடல் கடந்து வந்தார்கள். அவர்கள் வந்த முசிறித் துறை இருந்த வட்டாரத்தை, பாலக்காட்டில் காலை ரயில் ஏறினால் ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம். படகு, சைக்கிள், கடல் குளியல் மூன்றுக்கும் அந்த ஒரு நாள் இடம் தரும்.

முசிறி நமக்குப் புதிய பெயரல்ல. யவனர் கப்பல்கள் பெரியாற்றில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய செய்தியை அகநானூற்றின் 149-வது பாட்டு சொல்கிறது. யவனர் என்ற சொல் முதலில் கிரேக்கரையும், பிறகு மேற்கேயிருந்து வந்த மற்றவர்களையும் குறித்தது. ஜூலை வாக்கில் எகிப்திலிருந்து புறப்பட்டு, தென்மேற்குப் பருவக்காற்றைப் பாயில் பிடித்து வருவார்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்றோடு திரும்புவார்கள். செங்கடல் வாயிலிருந்து முசிறிக்கு 40 நாள் என்பது ரோமானிய எழுத்தாளர் பிளினியின் கணக்கு. கப்பல் கரைக்குத் தொலைவிலேயே நிற்கும், சரக்கைச் சிறு படகுகளில்தான் ஏற்றி இறக்க வேண்டும் என்றும் அவர் எழுதியிருக்கிறார்.

வியன்னாவில் ஒரு தாள்

ஆஸ்திரியாவின் தேசிய நூலகத்தில், நாணல் தாளில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கி.பி. 2-ம் நூற்றாண்டு ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. முசிறி வாணிபத்துக்கு வாங்கிய கடனைப் பற்றியது; 1985-ல் அச்சில் வெளியானது. கூட்ஸ் ஆபீசில் வேலை பார்த்தவர்களுக்கு அது சுலபமாகப் புரியும். சரக்கை ஒட்டகத்தில் பாலைவனம் கடத்துவது, கிடங்கில் யார் முத்திரையில் வைப்பது, நைல் நதிப் படகில் எப்படி ஏற்றுவது, 25 சதவீத வரி என எல்லாம் அதில் உண்டு. தாளின் பின்பக்கத்தில் ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு விவரம்: கங்கைக் கரை நறுமண வேர் 60 பெட்டி, யானைத் தந்தம் முதலியன.

தந்தத்துக்கு எடை உண்டு, விலை உண்டு. மலையிலிருந்து சுமை இறக்கியவர்களின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அவர்கள் வந்த வழிகள் நமக்குத் தெரிந்தவையே. கொங்கு நாட்டுக் கொடுமணலில் பட்டை தீட்டிய கற்கள் மேற்கே வர, சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் வசதியான வழியாக இருந்தது. கோவையை அடுத்த வெள்ளலூரிலும், திருச்சூர் மாவட்டம் எய்யாலிலும் ரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. 1862-ல் ரயிலும் இதே கணவாய் வழியேதான் வந்தது. இன்னொரு வழி பெரியாறு. இடுக்கித் தோட்டத் தொழிலாளர்கள் தினமும் பார்க்கும் முதிரப்புழை ஆறு கலப்பதும் அதில்தான்.

பார்க்க வேண்டியவை

ஆலுவாவில் இறங்கி, பஸ்ஸில் வடக்கு பரவூர் போக வேண்டும். கொடுங்கல்லூர் சாலையில் பட்டணம் என்ற சிற்றூர் இருக்கிறது. 2007-ல் தொடங்கிய அகழாய்வில் செங்கல் படகுத்துறையும், அயினி மரத்தில் குடைந்த சுமார் 6 மீட்டர் தோணியும், மத்தியதரைக் கடல் நாட்டு மதுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பட்டணமே முசிறி என்பதை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. பெரிய இடிபாடுகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். இது மண்ணுக்குள் இருக்கும் சரித்திரம்.

முசிறி பாரம்பரியத் திட்டத்தின் படகுகள் பரவூர், கோட்டப்புரம் துறைகளை இணைக்கின்றன. நேரத்தையும் கட்டணத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. நிலம் சமதளமாதலால் சைக்கிளுக்குச் சிரமமில்லை. சேந்தமங்கலத்தில் பாலியம் அரண்மனையும் பழைய யூதர் கோயிலும் இருக்கின்றன. அவ்வூர்க் கைத்தறி நெசவாளர்களின் தறிகள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் மூழ்கின. சேறு படிந்த புடவைகள் விற்க முடியாமல் போனபோது, அவற்றை வெட்டி 'சேக்குட்டி' என்ற சிறு பொம்மைகளாகச் செய்து விற்றார்கள். அந்தப் பணம் நெசவாளர்கள் மீண்டும் தறி பூட்ட உதவியது.

மாலையில் செராய் கடற்கரை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அலை அடங்கியிருக்கும். குளிக்கத் தோதான காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை இறங்கவே கூடாது. யவனர் கப்பலை இழுத்து வந்த அதே காற்றுதான் அப்போது கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. நீந்தத் தெரிந்தவர்களும் காவலர் சொல்லும் எல்லையைத் தாண்டக் கூடாது.

பள்ளியில் படிக்கும் பிள்ளைகளையும் அழைத்துச் செல்வது நல்லது. பிழைப்புக்காக வந்த ஊர் என்று வீட்டில் சொல்லிக் கேட்டே வளரும் பிள்ளைகள் அவர்கள். நம்மவர் இந்த வழியில் சுமையோடு நடந்து எத்தனை நூற்றாண்டு ஆகிறது என்பதை அந்த ஆற்றங்கரையில் நின்று தெரிந்துகொள்ளட்டும்.