விராலுக்கும் வேண்டும் தடைக்காலம்

ஸ்ரீரங்கம் தீவின் மேற்குப் பகுதியில், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள சிறு குளம் ஒன்றைச் சுற்றி நடப்பது, பணி ஓய்வுக்குப் பிறகு என் காலை வழக்கம். சிறுவயதில் மூங்கில் கழியும் மண்புழுவும் கொண்டு கெண்டை பிடித்தவன் என்பதால், தூண்டிலுடன் நிற்பவர்களைக் கண்டால் என் கால்கள் தாமாக நின்றுவிடும்.

கடந்த ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு காலையில், இளைஞர் ஒருவர் ரப்பர் தவளையை அல்லி இலைகளின் மீது எறிந்து இழுத்துக்கொண்டிருந்தார். அவர் குறிவைத்த இடத்தில் செந்நிறத் திரளாக விரால் குஞ்சுகள் மொய்த்திருந்தன. மூன்றாவது வீச்சில், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள விரால் சிக்கியது. "பசிக்குக் கடிக்கல சார், குஞ்சுக்குக் காவல் நிக்குது. எதப் போட்டாலும் பாயும்" என்றார் அவர். அவர் கூறியது முற்றிலும் உண்மை. சிக்கலும் அதில்தான் இருக்கிறது.

விரால், காற்றை நேரடியாகச் சுவாசிக்கும் மீன். எனவேதான் நீர் வற்றிய குட்டையிலும் சேற்றிலும் அது உயிர் பிழைக்கிறது. நீர்ச்செடிகளை விலக்கி, வட்டமாக இடம் அமைத்து முட்டையிடும். பொரித்த குஞ்சுகள் நீர்ப்பரப்பையொட்டித் திரளாகத் திரியும். பெற்ற மீன் அவற்றின் கீழே காவல் நிற்கும். காவல் மீனைத் தூக்கிவிட்டால், அடுத்த சில நாள்களில் அக்குஞ்சுகளில் பெரும்பகுதி கொக்குக்கும் பிற மீன்களுக்கும் இரையாகும். பிடித்தவர் கணக்கில் ஒரு மீன்; குளத்தின் கணக்கில் ஒரு தலைமுறை.

குளத்துத் தூண்டில் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்தியக் குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றி மட்டுமே 1887இல் தனி நூல் வெளியிட்டார். புதியவை நவீனக் கருவிகளும், அவை எட்டும் தொலைவும்தான்.

பொதுவில் உள்ள மீன்வளம் ஏன் அழிகிறது என்பதை ஸ்காட் கார்டன் 1954இல் பொருளியல் மொழியில் விளக்கினார். இன்று நான் விட்டுவைக்கும் மீனை நாளை மற்றொருவர் பிடிப்பார் எனில், விட்டுவைக்க எனக்கு என்ன காரணம்? நம் குளங்களில் இது மேலும் சிக்கலாகிறது. மீன்பாசி குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விடுகிறார். அவற்றை உண்ணும் விரால் அவருக்குப் பகை. ஆகவே, விராலைக் காப்பதால் ஆதாயம் பெறுவோர் எவரும் அங்கு இல்லை. ஆனால், அயல்நாட்டிலிருந்து வந்து நம் நீர்நிலைகளில் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுகளைத் தின்று குறைப்பதும் அதே விரால்தான்.

வட அமெரிக்காவின் குளங்களில் தூண்டில்காரர்கள் விரும்பித் தேடும் பாஸ் மீனுக்கும் இதே இயல்பு உண்டு. ஆண் மீன் கூட்டையும் குஞ்சுகளையும் காக்கும். நெருங்கும் எதையும் தாக்கும். அதனால்தான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல நீர்நிலைகளில் அது முட்டையிடும் காலத்தில் பிடிக்கத் தடை உள்ளது. நம் கிழக்குக் கடற்கரையிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. அந்தத் தடை குளத்துக் கரையைத் தொடுவதில்லை.

1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம், வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதைத் தடுத்தது. ஆனால், ஒவ்வொரு குளத்தங்கரையிலும் காவலர் நிற்க இயலாது. பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே தமக்கான விதிகளை வகுத்து, தாமே கண்காணித்துக் காக்க முடியும் என்பதைக் களச் சான்றுகளுடன் நிறுவியதற்காகவே, 2009இல் எலினார் ஆஸ்ட்ரம் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். கோடையில் நீர் வற்றும்வரை காத்திருந்து, ஊரே கூடி இறங்கும் மீன்பிடித் திருவிழாவைத் திருச்சி, புதுக்கோட்டைக் கிராமங்கள் நடத்துகின்றனவே, அதுவும் இத்தகைய ஏற்பாடுதான்.

எனவே என் பரிந்துரை எளியது. குஞ்சுத் திரள் தெரியும் இடத்தில் தூண்டில் வீசலாகாது என்பதை ஊராட்சிகள் குத்தகை நிபந்தனைகளில் ஒரு வரியாகச் சேர்க்கலாம். தவறிச் சிக்கிய காவல் மீனை, கையை நனைத்துக்கொண்டு முள்ளை அகற்றி, அதே இடத்தில் உடனே விட வேண்டும். அன்றைய குழம்புக்காகத் தூண்டில் போடும் ஏழையிடம் மீன் பிடிக்காதே என்று நான் கூறவில்லை. அவர் பேரனுக்கும் குளத்தில் விரால் இருக்க வேண்டும் என்றே கூறுகிறேன்.

அன்று அந்த இளைஞரிடம் இவற்றையெல்லாம் விளக்க நேரமில்லை. "குஞ்சுகள் என்னாகும் தம்பி?" என்று மட்டும் கேட்டேன். சிறிது நேரம் நீரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், பையிலிருந்து மீனை எடுத்துத் திரும்ப விட்டார். யாரும் ஒருமுறை கேட்டிருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றியது.