பிள்ளைகளின் தட்டில் வைக்குமுன்



2013ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி. பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் வழக்கம்போல மதிய உணவுக்கு உட்கார்ந்தார்கள். சோறும், சோயாவும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பும் பரிமாறப்பட்டன. சாப்பிட்ட பிள்ளைகள் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தார்கள். 23 பிள்ளைகள் இறந்துபோனார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்து கலந்திருந்தது பரிசோதனையில் தெரியவந்தது.

இம்மருந்து உடலுக்குள் போனால் நரம்புகளின் வேலையைக் குலைத்துவிடும். உமிழ்நீர் பெருகும், கண்மணி சுருங்கும், மூச்சுத் திணறும். தாமதமின்றி அட்ரோப்பின் ஊசி போட்டு, சுவாசத்துக்கும் உதவி செய்தால் பலரைப் பிழைக்கவைக்கலாம். ஆகவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம்.

இத்தகைய விபத்து அபூர்வமே. அடிக்கடி நேரிடுவது வேறொன்று. அரிசியில் இயல்பாகவே ஒருவகைக் கிருமியின் வித்துகள் இருக்கும். சோறு கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் அண்டாவிலேயே கிடந்தால், வித்துகள் முளைத்துக் கிருமி பெருகி நச்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. சமைத்த உணவை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும், அல்லது உடனே பரிமாறிவிட வேண்டும் என்பது இதனால்தான். மீந்த சோற்றை மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே கூடாது.

பீகார் துயரத்திற்குப்பின் மத்திய அரசு விதிகளை இறுக்கியது. 2015ஆம் ஆண்டு வந்த விதிகளும் வழிகாட்டுதல்களும் கூறுபவற்றில் முக்கியமானவை:

1. பிள்ளைகளுக்குப் பரிமாறுமுன் ஓர் ஆசிரியர் உட்பட இரண்டு அல்லது மூன்று பெரியவர்கள் உணவை ருசிபார்க்க வேண்டும்.

2. எண்ணெய், மசாலா போன்றவை அக்மார்க் தரமுள்ளவையாக இருக்க வேண்டும்.

3. உணவின் மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதிக்க வேண்டும்.

4. பள்ளி மேலாண்மைக் குழுவினர் சமையலைக் கண்காணிக்க வேண்டும்.

ருசிபார்ப்பது வெறும் சடங்கல்ல. கண்டாமனில் எண்ணெயின் வாசனை மாறியிருந்ததைச் சமையல் செய்த பெண் கவனித்ததாகச் செய்திகள் வந்தன. ஆயினும் சமையல் நிற்கவில்லை. "இது சரியில்லை" என்று சமையற்காரம்மா சொன்னால், அதைக் கேட்டு அடுப்பை அணைக்க ஒருவர் வேண்டும். விதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

நண்பர்களே, உங்களில் பலர் பள்ளிகளுக்கு உதவி வருகிறீர்கள். அடுத்தமுறை போகும்போது வகுப்பறையோடு நின்றுவிடாமல் சமையற்கூடத்தையும் எட்டிப்பாருங்கள். எண்ணெயும் பருப்பும் மூடியுள்ள, பெயரெழுதிய பாத்திரங்களில் இருக்கின்றனவா? பழைய மருந்து டப்பா ஏதேனும் கிடக்கிறதா? கைகழுவச் சோப்பும் தண்ணீரும் உண்டா? நல்ல மூடியுள்ள சில டின்களும் ஒரு பெட்டிச் சோப்பும் பெரிய நன்கொடையல்ல. ஆனால் பசியோடு வந்து உட்காரும் பிள்ளை, தட்டில் விழுவதை நம்பியே உண்கிறது. அந்த நம்பிக்கையைக் காப்பது பெரியவர்களாகிய நம் கடமை.