கொங்கு நாடு தனி மாநிலம் ஆக முடியுமா? சட்டமும் தண்ணீரும் சொல்வது என்ன?

2021 ஜூலையில் மத்திய இணையமைச்சரான எல்.முருகனின் விவரக்குறிப்பில் 'கொங்கு நாடு, தமிழ்நாடு' என்று இருந்தது. அவ்வளவுதான், சமூக ஊடகங்கள் பற்றிக்கொண்டன. தமிழ்நாட்டைப் பிரிக்கும் திட்டம் எதுவும் பரிசீலனையில் இல்லை என்று அடுத்த மாதமே மக்களவையில் மத்திய அரசு பதில் சொன்னது. ஆனாலும் பேச்சு அவ்வப்போது தலைதூக்குகிறது. சரி, கேட்டால் கிடைத்துவிடுமா?

யார் முடிவு செய்வது?

அரசியலமைப்பின் 3-வது பிரிவுப்படி, நாடாளுமன்றம்தான். மசோதாவை அந்த மாநிலச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்க வேண்டும். கேட்டால் போதும், ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. சாதாரணப் பெரும்பான்மையிலேயே நிறைவேறிவிடும். மக்களிடம் வாக்கெடுப்பெல்லாம் கிடையாது.

தெலங்கானாவே சாட்சி. 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜூன் 2-ல் புது மாநிலம் பிறந்துவிட்டது.

ஆதரவாளர்கள் வாதம் என்ன?

"வரி கட்டுறது நாங்க, முடிவெடுக்கிறது சென்னையா?" இதுதான் சாரம். கோவை பம்ப்செட், திருப்பூர் பின்னலாடை, ஈரோடு மஞ்சள், நாமக்கல் முட்டை என்று சம்பாதிக்கும் பகுதி இது. தலைநகர் பக்கத்தில் இருந்தால் நிர்வாகமும் பக்கத்தில் வரும் என்கிறார்கள்.

சிக்கல் எங்கே?

முதலில் தண்ணீர். மேட்டூர் அணை இருப்பது சேலம் மாவட்டத்தில். அதை நம்பியிருப்பது தஞ்சை டெல்டா. கோடு போட்டுப் பிரித்தால், கர்நாடகத்தோடு இருக்கும் காவிரிச் சண்டைக்கு வீட்டுக்குள்ளேயே ஒரு தம்பி பிறப்பான். மிகையில்லை: பிரிந்து 9 ஆண்டுகள் கழித்தும், 2023 நவம்பரில் நாகார்ஜுன சாகர் அணையில் ஆந்திர, தெலங்கானா போலீஸார் எதிரெதிரே நின்றார்கள்.

அடுத்து கடல். கொங்குக்குக் கடற்கரை இல்லை. திருப்பூர் சரக்கு கப்பலேற தூத்துக்குடிக்கோ கொச்சிக்கோ போயாக வேண்டும். எல்லை எது, அரசின் கடனை எப்படிப் பங்கிடுவது, ஊழியர்கள் எந்தப் பக்கம் என்ற கேள்விகள் தனி.

அப்போ என்னதான் வழி?

புகாரை உற்றுப் பார்த்தால், கேட்பது எல்லைக்கோட்டை விட நிதியையும் அதிகாரத்தையும்தான். மாநகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் இரண்டையும் தாராளமாகக் கொடுத்தால், கோவைக்காரர் மட்டுமல்ல, ராமநாதபுரத்துக்காரரும் பயன்பெறுவார். அதற்கு வரைபடத்தைக் கிழிக்க வேண்டியதில்லை.