நாவில் ஊறும் நீர்

மாங்காய் ஊறுகாயை நாவில் வைத்ததும் வாய் முழுதும் நீர் ஊறுகிறது. அதற்குமுன் வாய் வறண்டா கிடந்தது? இல்லை. உமிழ்நீர் விழித்திருக்கும் பொழுதெல்லாம் சிறுகச் சிறுகச் சுரந்துகொண்டே இருக்கிறது; உணவு வந்ததும் பெருகுகிறது. இவ்விரு நிலைகளையும் பற்றிச் சிறிது காண்போம்.

நமக்கு மூன்று இணைப் பெருஞ்சுரப்பிகள் உள்ளன. காதின் முன்புறம் கன்னச் சுரப்பி, கீழ்த்தாடையின் உட்புறம் தாடையடிச் சுரப்பி, நாவின்கீழ் நாவடிச் சுரப்பி. இவையன்றி உதட்டிலும் அண்ணத்திலும் நூற்றுக்கணக்கான சிறு சுரப்பிகள் உண்டு. ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 0.3 மில்லி லிட்டர் சுரக்கும்; அதில் மூன்றில் இரு பங்கு தாடையடிச் சுரப்பியின் கொடை. மெல்லும்போது அளவு 1 முதல் 2 மில்லி லிட்டராக உயரும். அப்போது முன்னிற்பது கன்னச் சுரப்பியே. ஏறக்குறையப் பாதி நீரை அது தருகிறது.

இந்த ஏவலை இடுவது யார்? மெல்லும் அசைவும் சுவையும், சிறப்பாகப் புளிப்பும், நரம்பு வழியே முகுளத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து துணைப்பரிவு நரம்புகள் ஆணையைச் சுரப்பிக்குக் கொணர்கின்றன. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்பட, சுரப்பி உயிரணுக்கள் உப்பை வெளியே செலுத்துகின்றன. உப்பைத் தொடர்ந்து நீரும் செல்கிறது. இது வெறும் வடிகட்டல் அன்று. உமிழ்நீரின் அழுத்தம் குருதியின் அழுத்தத்தையும் விஞ்சக் கூடும் என்று 1851-இல் கார்ல் லுட்விக் காட்டினார்.

வெளிவரும் வழியில் நாளங்கள் உப்பைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன, நீரை விடுவதில்லை. ஆகவேதான் நம் உமிழ்நீர் நமக்குக் கரிப்பதில்லை. ஓட்டம் விரைந்தால் உறிஞ்ச நேரம் போதாது. உப்பு சற்று மிகும். பைகார்பனேட்டும் மிகுந்து, வாயிலுள்ள அமிலத்தை முறிக்கும்.

விடுதியில் வாழும் நாம் இங்கே ஒன்றைக் கருத வேண்டும். உறக்கத்தில் உமிழ்நீர் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நள்ளிரவு வரை படித்து, இனிப்புத் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு, அப்படியே படுத்தால் என்ன ஆகும்? பல்லிடுக்கில் தங்கிய சர்க்கரையைக் கிருமிகள் அமிலமாக்கும். அதைக் கழுவவோ முறிக்கவோ நீர் இராது. பல்லின் மேற்பூச்சு கரையும். கரைந்து குழியானால் அது மீண்டும் வளராது.

சுரப்பிகள் பகலெல்லாம் செய்யும் காவலை இரவில் நாம்தான் ஏற்கவேண்டும். படுக்குமுன் பல் துலக்க இரண்டு நிமிடம் போதும், நண்பர்களே!