மடியிலிருக்கும் மடக்குக்கத்தி

விருதுநகர், சாத்தூர், சிவகாசி முதலிய கரிசற் பகுதிகளில் முதிய சம்சாரிகள் பலர் மடியில் ஒரு சிறு மடக்குக்கத்தி வைத்திருப்பதுண்டு. பாக்கு நறுக்கவும் கயிறு அறுக்கவும் உதவும் அக்கத்தி, பருத்திக் காட்டில் அதனினும் பெரிய உபகாரம் செய்யவல்லது.

இளஞ்சிவப்புக் காய்ப்புழு முட்டையினின்று வெளிவந்தவுடன் இளங்காயைத் துளைத்து உட்புகும். அத்துவாரம் விரைவில் அடைபட்டுவிடுமாதலால் காய் பழுதற்றதுபோலவே தோன்றும். உள்ளேயோ விதை தின்னப்பட்டுப் பஞ்சு கறைபடும். காய் வெடித்தபின் அறிவதால் பயனில்லை. 2010-ஆம் ஆண்டில், குஜராத்தில் இப்புழு பி.டி. பருத்தியின் நஞ்சையும் தாங்குவது வெளிப்பட்டது. ஆகவே விதையை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

காய் பிடித்தபின் வாரந்தோறும் காட்டின் பல இடங்களிலிருந்து 20 பச்சைக் காய்களைப் பறித்துப் பிளந்து பாருங்கள். இரண்டில் உயிருள்ள புழு காணப்படின் தாமதியாது விவசாய அலுவலரைக் கலந்து மருந்தடிக்க வேண்டும். புழு இல்லையெனில் மருந்துச் செலவு மிச்சம். இருபது காய்களை வீணாக்குவதா எனச் சிலர் தயங்குவர். ஒரு முறை வீணாக மருந்தடிக்கும் செலவோடு அதனை ஒப்பிட்டுப் பார்ப்பார்களாக.

எஞ்சிய காய்களிலும் விதைகளிலும் தங்கியே இப்புழு அடுத்த போகத்திற்கு வருகிறது. ஆதலால் கடைசி எடுப்பு முடிந்ததும் பருத்திமாரைப் பிடுங்கி அகற்றுதல் அவசியம். ஒருவர் காட்டில் விட்ட மார் ஊராருக்கெல்லாம் கேடு. ஆகையால் கிராம அதிகாரிகள் இதனைத் தங்கள் ஊரில் எடுத்துரைப்பார்களாக.

கத்தியின் விலை சொற்பம். அது வேளையில் காட்டுவதோ ஒரு போகத்தின் நிலைமை.