எழுத்துரு தொலைந்தால் ஈப்போவும் தொலையும்

கணினியில் ‘ஈப்போ’ என்று தட்டச்சு செய்து பாருங்கள், மாணவர்களே. கண்ணுக்குத் தெரிபவை ஈ, ப், இரட்டைக் கொம்பு, ப, துணைக்கால். ஆனால் கணினி நினைவில் வைத்திருப்பது வெறும் எண்களை: 2952, 2986, 3021, 2986, 3019. கடைசி எண் ஓகாரக் குறி. கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறி அது! அதைப் பிரித்து, ‘ப’வுக்கு இருபுறமும் நிறுத்தும் வேலை அச்சுக்கோப்பு மென்பொருளுக்கும் எழுத்துருவுக்கும் உரியது.

எனவே எழுத்துருவை நிறுவுவது என்றால் கோப்பை நகலெடுத்து வைப்பது மட்டுமல்ல. அது எங்கே இருக்கிறது, எந்தெந்த எழுத்துகள் அதில் உள்ளன என்பதை மென்பொருள் அறிய வேண்டும்.

டொனால்ட் கனூத் 1978இல் வெளியிட்ட ‘டெக்’ அச்சுக்கோப்பு மென்பொருளில் இது பெரும் தலைவலி. ஒவ்வோர் எழுத்தின் அகலம், உயரத்தைச் சொல்லும் தனிக் கோப்பு வேண்டும்; பட்டியலில் பெயரையும் சேர்க்க வேண்டும். 2004இல் ஜோனதன் கியூ உருவாக்கிய ‘ஸீடெக்’ வந்த பிறகுதான் கணினியிலுள்ள எழுத்துருவைப் பெயர் சொல்லி நேரடியாக அழைக்க முடிந்தது.

லினக்ஸ் கணினியில் இதற்கு உதவும் கட்டளை ‘எஃப்சி-கேஷ்’. படம் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புத் திரையில் ஒரே வரி. எழுத்துருக் கோப்புகளைத் திறந்து, பெயரையும் உள்ளிருக்கும் எழுத்துகளையும் படித்துக் குறித்துக்கொள்ளும். நூலகத்தில் புதுப் புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றுவதுபோல. அதன் உடன்பிறப்பான ‘எஃப்சி-லிஸ்ட்’, தமிழ் அறிந்த எழுத்துருக்கள் எவை என்று கேட்டால் பட்டியல் தரும்.

ஆனால் 1990களின் பல தமிழ் எழுத்துருக்கள் அந்தப் பட்டியலில் வரவே வராது. ஏன்?

அவற்றில் இருந்தவை 256 இடங்களே. முதல் பாதியை ஆங்கிலத்துக்கு விட்டு, ஐரோப்பிய எழுத்துகளுக்குரிய மறுபாதியில் தமிழை அமர்த்தினார்கள். ஆகவே அந்த எழுத்துரு தன்னை ஐரோப்பிய எழுத்துருவாகவே காட்டிக்கொள்ளும். 1991இல் யூனிகோட் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கியும் பழைய முறை உடனே மறையவில்லை.

பேராக்கில் ரப்பர் தோட்டம் ஒன்று செம்பனைக் காடாகிவிட்டது. தோட்டப்பள்ளியும் இடம் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்தில் கணினியில் தட்டச்சு செய்த பள்ளி ஆண்டு மலர் மட்டும் ஒரு வட்டில் கிடக்கிறது. திறந்தால் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குவியல்! கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. அந்தப் பழைய எழுத்துருவை நிறுவினால் தமிழ் மீண்டும் தெரியும்.

யூனிகோடுக்கு மாற்றுவது அடுத்த வேலை. எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது. பழைய முறையில் ‘போ’ என்பது கொம்பு, ப, கால் என்று கண் பார்க்கும் வரிசையில் இருக்கும். யூனிகோடில் ‘ப’தான் முதலில். மாற்றும் நிரல் இந்த வரிசையையும் திருத்த வேண்டும்.

ஆப்பிள் கருவிகளிலுள்ள ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன். ‘எம்என்’ அவர் பெயரின் முதலெழுத்துகள். வீட்டில் பழைய வட்டு ஏதும் இருந்தால், கட்டுரைகளோடு எழுத்துருக் கோப்பும் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.