பூனையின் தோல்நல உணவு

பூனையின் தோல்நல உணவு என்பது அரிப்பு, பொடுகு, உரோமம் உதிர்தல் ஆகியவற்றைக் குறைக்கும் வகையில் தெரிவு செய்யப்படும் உணவாகும். தாம்பரம், குரோம்பேட்டை முதலிய சென்னையின் தென்புறநகர் வீடுகளில் பூனைக்குப் பால்சோறும் மீன்குழம்புச் சோறும் இடுவதுண்டு. இவை மட்டும் போதா.

சத்துத் தேவை

பூனை கட்டாய ஊனுண்ணி ஆகும். தாவரங்களிலுள்ள பீட்டா கரோட்டினை உயிர்ச்சத்து ஏ ஆக மாற்றவோ, லினோலெயிக் அமிலத்திலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைப் போதிய அளவு உருவாக்கவோ அதன் உடலால் இயலாது. இவை இறைச்சி, முட்டை, சிறிதளவு ஈரல் ஆகியவற்றிலிருந்து கிடைக்கின்றன. மத்தி போன்ற கொழுப்பு மீனை மட்டுமே தொடர்ந்து இட்டால் உயிர்ச்சத்து ஈ குறைந்து, உடற்கொழுப்பில் அழற்சி உண்டாகலாம். குழம்பிலுள்ள வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

உணவு மாற்றம்

இப்பகுதியின் வெப்பமும் ஈரப்பதமும் தெள்ளுப்பூச்சிக்கு ஏற்றவை. எனவே தெள்ளுப்பூச்சியும் பூஞ்சைத் தொற்றும் இல்லை என்பதை முதலில் கால்நடை மருத்துவர் மூலம் உறுதிசெய்தல் வேண்டும். உணவு ஒவ்வாமை ஐயுறப்பட்டால், பூனை முன்பு உண்ணாத ஒரு புரத உணவு மட்டும் சுமார் 8 வாரங்கள் அளிக்கப்பட்டு, பின் பழைய உணவு மீண்டும் இடப்படும். அரிப்பு திரும்பினால் ஒவ்வாமை உறுதியாகும். புதிய உணவை மறுக்கும் பூனையைப் பட்டினியிடலாகாது. சில நாட்களிலேயே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்து நேரலாம்.